வார்னிஷ் அடிக்காத ஸ்டேஷன்

"இன்னுங் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கப்பா" என்றான் சடையாண்டி. நாலு பேர் சேர்ந்து அவனுடைய அண்ணன் சோலைமலையின் கால்களை மேஜைக்கு அடியில் தள்ளினார்கள். தலை தெற்கே இருக்க வேண்டும், வாசலையும் மறிக்கக் கூடாது. வெளியே ஐப்பசித் தூறல், முற்றமெல்லாம் சேறு. பாய் மேஜைக்கால் வரைக்கும்தான் எட்டியது. முழங்காலுக்குக் கீழே மனிதர் வெறுந்தரையில், ரயில்வே ஸ்டேஷனுக்கு அடியில் போய்விட்டார்.

தலைமாட்டில் விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி சிவனம்மாளுக்கு அழுகைக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. இருந்தும் கெடுத்தான், செத்தும் கெடுத்தான் என்று வாய் வரை வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். காலையில் காப்பி குடித்துவிட்டு, "நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கு, செத்த நேரம் படுக்கிறேன்" என்று படுத்த மனிதர்.

மேஜை மேலே இருந்தது கொடை ரோடு ஸ்டேஷன். சோலைமலை அங்கே தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தபோது, நாட்டை விட்டுக் கிளம்பிய துரை ஒருவர் தன் பிள்ளையின் பொம்மை ரயிலை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். தகர ரயில், சாவி முறுக்கினால் வட்டமாக ஓடும். ஓடுகிற ரயிலுக்கு நிற்க ஒரு இடம் வேண்டாமா என்று ஆரம்பித்ததுதான். சுருட்டுப் பெட்டிப் பலகையும் பிஸ்கட் தகரமும் கொண்டு பிளாட்பாரம் வந்தது, சிகப்பு ஓட்டுக் கூரை வந்தது, கைகாட்டி மரம் வந்தது, எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் தொட்டி வந்தது. ரிட்டையர் ஆகி நாகல் நகர் வீட்டுக்கு வந்த பிறகு முன்கூடத்துக்குள்ளேயே பலகை அடித்து இந்த மேஜையையும் செய்தார். இனி அதை எந்தக் கதவு வழியாகவும் வெளியே எடுக்க முடியாது. ஆயுசெல்லாம் ரயில் எங்கே நுழையும், எங்கே இடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்குச் சொந்த வீட்டு வாசலின் அகலம் தெரியாமல் போயிற்று.

செய்ததையாவது அவள் பொறுத்துக்கொண்டாள். செய்து முடித்ததைப் பழசாக்க ஆரம்பித்தாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அவளுடைய சோற்றுப் பானையைக் கவிழ்த்துக் கரி சுரண்டிக் கூரையில் தேய்த்தார். புளித்தண்ணீரில் துரு ஆணியை ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரை வைத்துத் தொட்டியில் கறை இறக்கினார். சுவரின் அடியில் பாசி பிடிக்க வேண்டுமென்று மோர் தடவினார்.

"குடிக்கிற மோரையா தடவுறீக? இந்தா நம்ம வீட்டுச் சுவத்தைப் பாருங்க. யாரும் ஒண்ணும் தடவாமலே அது பழசாகிக் கெடக்கு. அதுக்குக் கொஞ்சம் சுண்ணாம்பு அடிக்கிறது!"

"அடிக்கலாம், அடிக்கலாம்" என்பார், தூரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒரு பொங்கலுக்கு வீடு துடைக்கும்போது ஸ்டேஷனையும் ஈரத்துணியால் பளிச்சென்று துடைத்து வைத்துவிட்டாள். அவர் வந்து பார்த்தார். கோபித்திருந்தாலும் பரவாயில்லை. நேரே அடுப்படிக்குப் போய் மறுபடி பானையைக் கவிழ்த்தார். அதிலிருந்து மேஜைக்குக் கீழே பெருக்கவும் அவளுக்கு அனுமதியில்லை.

"எல்லாம் முடியட்டும், ஒரு கை வார்னிஷ் அடிச்சிட்டா உன் ஈரத்துணிக்குப் பயமில்ல" என்று போன வாரம்கூடச் சொன்னார். முடிந்துவிட்டதா என்று கேட்டதற்கு, "முடிஞ்ச மாதிரிதான். மழை விடட்டும், இப்ப அடிச்சா காயாது" என்றார். மழைதான் விடவில்லை.

சனம் சேரச் சேர இடம் போதவில்லை. மாரடித்து அழுத பெண்களின் முழங்கை மேஜை விளிம்பில் இடித்தது. ஒவ்வொரு இடிக்கும் கைகாட்டி மரம் ஆடியது. ஒருத்தி வெற்றிலைச் செல்லத்தைப் பிளாட்பாரத்திலேயே வைத்துவிட்டாள். சிவனம்மாள் எழுந்து போய் அதை எடுத்து அவள் மடியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

சடையாண்டி குனிந்து மெதுவாகச் சொன்னான்: "மதினி, இதை ஒடைச்சு வெளியே போட்டுருவமா? சனம் உக்கார எடமில்ல. நீங்களே அடுப்புக்குப் போடப் போறேன்னு எம்புட்டு நாளாச் சொல்லிக்கிட்டு இருக்கீக."

வாஸ்தவம்தான். தெருவில் அதைக் கேட்காத ஆள் கிடையாது.

"நான் சொல்லுவேன்" என்றாள் சிவனம்மாள். "நீ ஆரு அதைச் சொல்றதுக்கு?"

அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். அவளுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. "பொணம் கெடக்குற வீட்டுல கோடாலிச் சத்தம் கேக்கணுமாக்கும்" என்று முணுமுணுத்தாள்.

"சரி மதினி. எடுத்ததுக்கப்புறம் பாத்துக்குவம்."

வத்தலக்குண்டிலிருந்து மகன் கருப்பணன் பஸ் பிடித்து வந்து சேர்ந்ததும் காரியங்கள் வேகமாக நடந்தன. கால்களை மேஜைக்கு அடியிலிருந்து இழுத்து, குளிப்பாட்ட வெளியே தூக்கிப் போனார்கள். அவருடைய தங்கச்சி ஒச்சாயி சீயக்காய் போட்டு விரல்களைத் தேய்த்தாள்.

"நகக்கண்ணுல கரி போக மாட்டேங்குது மதினி."

"போகாது. அது எம்பானைக் கரி. விடு" என்றாள் சிவனம்மாள். கண் கலங்கியது. கோபமும் கூடவே வந்தது. இந்தச் சனியனை என்ன செய்ய வேண்டுமென்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா? நெஞ்சு ஒரு மாதிரியாக இருக்கிறது என்று சொல்லத் தெரிந்ததே, அதோடு இதையும் சொல்ல என்ன கேடு?

பாடை தெருமுனை திரும்பியதும் பெண்கள் குடங்களோடு வந்தார்கள். பிணம் போன வீட்டைக் கழுவிவிடாமல் அடுப்பு மூட்டக் கூடாது. முதலில் சிவனம்மாளின் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். பிறகு கூடத்தில் குடம் குடமாகக் கவிழ்ந்தது. தண்ணீர் சுவரில் மோதித் திரும்பியது. துடைப்பங்கள் சரசரத்தன. ஒச்சாயி நிறைகுடத்தைத் தூக்கிக்கொண்டு நேரே மேஜையிடம் வந்தாள்.

"அங்கன ஊத்தாதே" என்றாள் சிவனம்மாள்.

"இங்கனதான் மதினி முக்கியமா ஊத்தணும். அண்ணன் காலு கெடந்த எடம். மேலயிருந்தே ஊத்திவிட்டா எல்லாம் சுத்தமாயிரும்."

சொட்டச் சொட்ட நனைந்த சேலையோடு சிவனம்மாள் குறுக்கே வந்து நின்றாள்.

"ஊத்தாதேன்னா ஊத்தாதே. இன்னும் வார்னிஷ் அடிக்கல."

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

"தீட்டு மதினி. அதைக் கழுவாம விட்டா ஊரு என்ன சொல்லும்?"

"சொல்லட்டும். நான்தான இந்த வீட்டுல இருக்கப் போறேன்? எந்தீட்டோட நான் இருந்துக்கிறேன்."

மற்ற பக்கம் ஊற்றிய தண்ணீர் அதற்குள் மேஜையை நோக்கி ஓடி வந்தது. சிவனம்மாள் பக்கத்தில் நின்றவளின் கையிலிருந்த துடைப்பத்தைப் பிடுங்கி, வந்த தண்ணீரை வாசல் பக்கமாகத் தள்ளினாள். வர வரத் தள்ளினாள். ஒச்சாயி குடத்தை இறக்கி வைத்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே போனாள்.

பொழுது சாயும் நேரத்தில் சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பினார்கள். சடையாண்டி கூடத்துக்குள் கால் வைத்தான். தரை முழுக்க ஈரம் பளபளத்தது. மேஜைக்கு அடியில் மட்டும் காய்ந்து கிடந்தது.

"என்ன மதினி, இந்த எடத்தை மட்டும்..." என்று ஆரம்பித்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். கோடாலியைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை.

அவன் போனதும் சிவனம்மாள் குனிந்து பார்த்தாள். ரொம்ப நாளாகப் பெருக்காத இடம். புழுதி கனமாகப் படிந்திருந்தது. அதில் இரண்டு குதிகாலும் இழுபட்ட கோடுகள், அருகருகே, மேஜையின் விளிம்பு வரை வந்திருந்தன. இன்னும் அவள் சேலை மாற்றவில்லை. தலைப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அது அங்கே விழுந்துவிடாமல் தலைப்பைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டாள்.