இடப்பக்கத்துச் செடி

1

இந்தக் கதை ஒரு பொட்டலத்தின் முதுகிலிருந்து வந்தது. மலாக்காவில் பத்து பெரெண்டாம் என்ற இடத்தில் செடி விற்கும் கடை ஒன்றில், வேருக்குப் போடும் பூஞ்சைப் பொடி என்று ஒன்றை என் தலையில் கட்டினார்கள். வீட்டுக்கு வந்து பின்பக்கத்தைப் பார்த்தேன். இரண்டு செடிகளின் படம். வலப்பக்கத்துச் செடி மதமதவென்று வளர்ந்திருந்தது. கீழே 'பூஞ்சை சேர்த்தது' என்று போட்டிருந்தது. இடப்பக்கத்துச் செடி குட்டையாக, மஞ்சள் பாய்ந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. 'பூஞ்சை சேர்க்காதது.'

காசு கொடுத்தவன் வலப்பக்கத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டும். எனக்குக் கோணல் புத்தி. அந்த இடப்பக்கத்துச் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள் என்று யோசித்தேன். பொறுப்பாகத்தான் ஊற்றியிருக்க வேண்டும்; கொஞ்சம் ஏமாந்தாலும் ஒப்பீடு கெட்டுவிடும். வளரக் கூடாது என்றே வைத்த செடியைச் சாகவும் விடாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். அந்த ஆளிடம் விஷயத்தைச் சொல்லியிருப்பார்களா?

சொல்லவில்லை என்று வைத்துக்கொண்டேன். கதை கிடைத்துவிட்டது.

2

தொடக்கங்கள்:

'1943. காஜா பெராங்கில் அன்று நல்ல வெயில், தெருவில் ஒரு' (நிறுத்திவிட்டேன். மலாக்காவில் என்றைக்கு வெயில் இல்லை?)

'சேதுபதி நல்லவர்.' (இதையும் அடித்துவிட்டேன். படித்து முடித்தபிறகு நீங்களே சொல்லுங்கள்.)

'ஊரே மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தது.'

இது நிற்கட்டும். பசியிலிருந்து தொடங்கினால் அலங்காரமாகப் பொய் சொல்வது கஷ்டம்.

ஊரே மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தது. காலையில் அவித்து, மத்தியானம் வறுத்து, இரவில் கஞ்சியாக. சண்டைக்கு முன்பு சேதுபதி ஒரு வெள்ளைக்காரத் துரையின் மண் ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளர். ஜப்பான்காரர்கள் வந்து துரையைச் சிங்கப்பூரில் சிறை வைத்துவிட்டார்கள். சேதுபதி காஜா பெராங்கில் மனைவி வீட்டோடு வந்து சேர்ந்தார். மனைவி மலாக்காச் செட்டிகள் குடியிருக்கும் செட்டிக் கம்பத்துப் பெண். அவர்கள் சாமி நம் சாமி, பேச்சு மலாய். மச்சான் கணபதிக்குத் தமிழில் நாலு சொல் தெரியும், அதில் இரண்டு வசவு.

அங்கேதான் மிசுனோ அவரைக் கண்டுபிடித்தார். ஜப்பான் படையோடு வந்த தாவர ஆராய்ச்சியாளர். வேரைச் சீவிச் சாயமேற்றி உருப்பெருக்கியில் பார்க்கத் தெரிந்த ஓர் ஆள் ஊரில் இருக்கிறான் என்றதும், கம்பத்தை ஒட்டி ஒரு தோட்டத்தை எடுத்து* அவரையே பொறுப்பாகப் போட்டுவிட்டார்.

* கற்பனைத் தோட்டம். தேடிக்கொண்டு காஜா பெராங்குக்கு வராதீர்கள். இப்போது அங்கே கார் நிறுத்தவே இடம் கிடையாது.

3

பூஞ்சை என்றதும் குடையும் காளானும் என்று சமையலறைப் பக்கம் போகாதீர்கள். இது கண்ணுக்குத் தெரியாதது. மயிரிழையை விட மெல்லிய நூல்களாக வேருக்குள் புகுந்து குடியிருக்கும். வேர் எட்டாத இடத்துக்கெல்லாம் நூலை விட்டு உப்புச்சத்தைக் கொண்டுவந்து கொடுக்கும். பதிலுக்குச் செடி இலையில் சமைத்த சர்க்கரையைக் கொடுக்கும். ஒருவரை ஒருவர் ஏமாற்றாத கொடுக்கல் வாங்கல் அந்த வருஷங்களில் மலாக்காவில் எங்காவது இருந்தது என்றால் மண்ணுக்குக் கீழேதான்.

மரவள்ளிக்கு இந்த உறவு உயிர் மாதிரி என்று மிசுனோவுக்குச் சந்தேகம். நிரூபிக்க வேண்டும். மண்ணெண்ணெய் டின்களைப் பாதியாக வெட்டி இரண்டு வரிசை வைத்தார்கள். வலது வரிசைக்குத் தோட்டத்து மண் அப்படியே. இடது வரிசைக்கு அதே மண்ணைப் பெரிய குவாலிச் சட்டியில் போட்டு, பூஞ்சை சாகும்வரை வறுத்துப் போட வேண்டும். வறுத்தவர் சேதுபதி. இரண்டு வரிசைக்கும் ஒரே அளவு தண்ணீர், ஒரே நிழல். ஊற்றுகிறவர்களுக்கு எதுவும் தெரியக் கூடாது. 'வளராது என்று தெரிந்தால் மனிதன் அக்கறையாக ஊற்றமாட்டான்' என்றார் மிசுனோ. அதுவும் சரியான பேச்சுதான்.

எந்த வரிசை யாருக்கு என்று சீட்டுப் போட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார். சேதுபதி போடவில்லை. வளருகிற வரிசையை மச்சானுக்குக் கொடுத்தார். பெரிய அநியாயம் ஒன்றுமில்லை, வீட்டில் பேச்சு வாங்காமல் இருக்கத்தான். இடது வரிசை பொன்னையாவுக்குப் போயிற்று.

4

பொன்னையா பக்கத்து வீடு. புக்கிட் காத்தில் என்ற ஊர்ப்பக்கம் ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்தவன். பால் வாங்க ஆளில்லாமல் வேலை நின்றதும் மனைவி அன்னம்மாவோடு டவுனுக்கு வந்தான். அப்போது சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். லோரி வந்து நிற்கும், தெருவில் அகப்பட்டவனை ஏற்றும். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வராது. மிசுனோவின் தோட்டத்தில் வேலை செய்கிறவனுக்கு மட்டும் கையில் கட்ட முத்திரை குத்திய ஒரு துணிப்பட்டை கொடுப்பார்கள். அதைப் பார்த்தால் விட்டுவிடுவார்கள். அந்தப் பட்டைக்காகத்தான் அன்னம்மா வந்து கேட்டாள், சேதுபதியும் மிசுனோவிடம் சொல்லி வாங்கிக் கொடுத்தார். அவனைக் காப்பாற்றத்தான் கூட்டிவந்தார். இதை மறக்காதீர்கள், நான் மறக்க முயன்றுகொண்டிருக்கிறேன்.

(சேதுபதிக்கு 'ஆர்' போட்டும் பொன்னையாவுக்கு 'ஆன்' போட்டும் எழுதிக்கொண்டு வருகிறேன். இப்போதுதான் கவனித்தேன். திருத்தப் போவதில்லை. யாரை எந்த மண்ணில் நட்டேன் என்று உங்களுக்குத் தெரியட்டும்.)

இரண்டு மாதத்தில் வலது வரிசை இடுப்புயரம் வந்துவிட்டது. இடது வரிசை சாணுக்கு மேல் ஏறவில்லை. பொன்னையா சாயங்காலம் டின்கள் முன்னால் குந்திக்கொண்டு கேட்டான்.

"நான் என்னண்ணே குறை வெச்சேன்? ஒங்க மச்சான் ஊத்துற அதே தண்ணி, அதே டின்னு. அது மட்டும் எப்படிண்ணே அப்படி வருது?"

"நீ பாட்டுக்கு ஊத்து பொன்னையா. ஒண்ணையும் கலந்துடாதே."

"என் கைராசிதான் கெட்டுப்போச்சு லா. சீவுற மரமும் போச்சு, ஊத்துற செடியும் போச்சு."

சேதுபதிக்குத் தொண்டைவரை வந்தது. 'உன் கை நல்ல கைதான்' என்று சொன்னால் போதும். ஆனால் சொன்னால் பரீட்சை கெட்டுவிடும். அறுவடைக்கப்புறம் சொல்லிக்கொள்ளலாம், ரெண்டு பேரும் சேர்ந்து சிரிக்கலாம் என்று நினைத்தார்.

பொன்னையாவுக்கு அவமானம் தாங்கவில்லை. ஒருநாள் தோட்டத்தில் யாருக்கும் தெரியாமல், தன் வீட்டுப் பின்பக்கம் மரவள்ளி செழித்து நின்ற இடத்திலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவந்து, வரிசையின் கடைசி டின்னில் மட்டும் போட்டான். மிச்ச டின்களில் கைவைக்கப் பயம். சேதுபதி திட்டுவாரே.

அந்த ஒரு செடி எழுந்தது.

5

மிசுனோ மேல் எனக்குச் சந்தேகம். அவரைக் கொடியவராக எழுதினால் நம் ஊரில் ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். முதல் பிரதியில் சேதுபதியை அறைய வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். இந்தக் கதைக்கு அறைகிற மிசுனோ உதவமாட்டார். உட்காரவைத்துத் தேநீர் ஊற்றி, 'உங்கள் விரல்கள் அருமையானவை' என்று சொல்கிற மிசுனோதான் வேண்டும். நம்மை அதிகமாக விலைக்கு வாங்குவது அந்த மாதிரி ஆட்கள்தான்.

6

மேற்பார்வைக்குப் படை அதிகாரி ஒருவர் வந்தார். இடுப்பில் வாள், காலில் பூட்ஸ், வாயில் அரைகுறை மலாய். குட்டை வரிசை முன்னால் நின்றார்.

"சியாப்பா பூஞா கெர்ஜா?"

யாருடைய வேலை இது என்கிறார். யாரும் வாய் திறப்பதற்குள் கடைசி டின்னைப் பார்த்துவிட்டார். மற்றவை சாண் உயரத்தில் சுருண்டு கிடக்க, அது மட்டும் பச்சைப்பசேலென்று நின்றது. அதைச் சுட்டி மறுபடி கேட்டார்.

"சாயா! சாயா பூஞா!" என்று பொன்னையா முன்னால் வந்தான். என்னுடையது, என்னுடையதுதான். சிரித்தான். இத்தனை நாளில் அவன் செடியை ஒருவர் நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்த நேரத்தில் சேதுபதி என்ன நினைத்தார் என்று நான் எழுதியே ஆக வேண்டும். சந்தோஷப்பட்டார். எங்கிருந்தோ ஒரு பிடி உயிருள்ள மண்ணைக் கலந்திருக்கிறான், அது செத்த மண்ணை எழுப்பிவிட்டது! இதை விடப் பெரிய நிரூபணம் உண்டா? மிசுனோவைப் பார்த்தார். மிசுனோவின் கண்ணும் அப்படியே மின்னியது. இரண்டு பேரும் பொன்னையாவைப் பார்க்கவே இல்லை.

அதிகாரி பார்த்தார். ஒரு செடியை வளர்க்கத் தெரிந்தவன் மற்றதை ஏன் வளர்க்கவில்லை? படைக்குப் போக வேண்டிய கிழங்கை வேண்டுமென்றே கெடுத்திருக்கிறான். அவருக்குக் கணக்கு முடிந்துவிட்டது. ஆனாலும் திரும்பி, சேதுபதியிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"தானா சாமா?" எல்லாம் ஒரே மண்தானா?

மிசுனோ பூட்ஸைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். வறுத்த மண் என்று சொன்னால் அடுத்த கேள்வி, வறுத்தது யார்?

"சாமா" என்றார் சேதுபதி.

பொன்னையாவின் கைப்பட்டையை அறுத்து எடுத்தார்கள். சிரிப்பு அவன் முகத்தைவிட்டு இன்னும் முழுக்கப் போகவில்லை. லோரியில் ஏறும்போது, "அண்ணே, செடி நல்லாத்தானே வந்துச்சு? சொல்லுங்கண்ணே" என்றான்.

7

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

'மண்ணை வறுத்தது நான்!' என்று சேதுபதி கத்துகிறார். நீங்கள் கைதட்டுவீர்கள். எனக்குத் தெரிந்த சேதுபதி கத்தமாட்டார். இரண்டாவதில் மிசுனோ யாரையோ பார்த்துப் பேச, லோரி பாதி வழியில் திரும்புகிறது. அப்படித் திரும்பாத லோரிகளை நினைத்துக் கிழித்துப் போட்டேன். மூன்றாவதில் சண்டை முடிந்து பொன்னையா எலும்பும் தோலுமாக வந்து சேர, சேதுபதி அவன் காலில் (போதும். எனக்கே குமட்டுகிறது.)

உண்மையைச் சொல்கிறேன். சேதுபதியின் மௌனம் எவ்வளவு பெரியது என்று காட்ட, பக்கத்தில் வைத்து ஒப்பிட எனக்கு ஓர் ஆள் தேவைப்பட்டான். அவனுக்குப் படிப்பு கொடுக்கவில்லை, பேச வாய் கொடுக்கவில்லை, கெட்டிக்காரத்தனமும் கொடுக்கவில்லை. நானும் மண்ணை வறுத்துத்தான் நட்டேன். இப்போது இரக்கப்பட்டு ஒரு பிடி நல்ல மண்ணை அவன் பக்கம் போடலாமா என்று தோன்றுகிறது. ஒரே ஒரு டின்னுக்கு ஒரு பிடி போட்டதில் என்ன ஆயிற்று என்று பார்த்தீர்கள்.

8

மறுநாள் அன்னம்மா வந்தாள். சேதுபதி கொல்லையில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார். அவள் அழவில்லை, கொல்லை வாசலைத் தாண்டி உள்ளேயும் வரவில்லை.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். வேணும்னே செடியக் கெடுத்தாருன்னு கம்பம் முழுக்கப் பேசுது. அவரு அப்படிப்பட்ட ஆளு இல்ல. ராவெல்லாம் அந்தச் செடியப் பத்திதான் பேச்சு. பாக்க முடியாம நாந்தாண்ணே வீட்டு மண்ணு ஒரு பிடி அள்ளித் துணியில முடிஞ்சு குடுத்தேன். அந்தச் செடியக் காட்டித்தான் புடிச்சாங்களாமே? நான் குடுக்காம இருந்திருந்தா விட்டிருப்பாங்களா?"

சேதுபதி கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்தார்.

"குத்தம் அவரு கையிலயாண்ணே? இல்ல என் மண்ணுலயா? ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க. நான் போயிடுறேன்."

இரண்டிலும் இல்லை. அதைச் சொல்லக்கூடிய ஆள் அந்த ஊரில் ஒருவர்தான்.

அவர் வாயைத் திறந்தார்.

"

மேற்கோள் குறியைத் திறந்து வைத்துவிட்டேன். மூடப் போவதில்லை. சேதுபதியின் இடத்தில் இருந்தால் சொல்லியிருப்பேன் என்று ஆறாவது பகுதியில் நினைத்தீர்கள் அல்லவா? அங்கே வாள் இருந்தது. இங்கே வாள் இல்லை, அதிகாரி இல்லை, லோரி இல்லை. ஒரு பெண் மட்டும்தான் வாசலில் நிற்கிறாள்.

சொல்லுங்கள்.