உள்பையில் இரண்டு பாஸ்போர்ட்

வெளிநாட்டில் இருப்பவர்கள் வெளிநாடு பார்க்கப் போவார்கள் என்று பெனிட்டோ அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. லீவு என்றால் ஊர்; ஊர் என்றால் கடியபட்டணம். கல்ஃபில் உள்ள அஜ்மானுக்கு வந்த ஒன்பது வருடமாக அவன் வாழ்க்கை அப்படித்தான் ஓடியது. இந்த முறை அவன் மனைவி சுபிஷா, "ஊருக்கு வேண்டாம், இங்கிலாந்துக்குப் போவோம். விட்பின்னு ஒரு எடம், பழைய துறைமுகம், போட்டோ பாருங்க" என்றாள். அன்றைக்கே அவனுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

காரணம் இல்லாமல் தட்டவில்லை. அவர்கள் கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் ரெஷ்மா என்றொருத்தி இருந்தாள். சுபிஷாவைப் போலவே ஸ்டாஃப் நர்ஸ். போன வருடம் இரண்டு வாரம் அயர்லாந்து சுற்றிப் பார்க்கப் போனாள். வந்ததும் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதமே அங்கே வேலைக்குப் பெட்டியோடு பறந்துவிட்டாள். அவள் புருஷன் ராஜீவ் இன்றைக்கும் கீழே கஃபட்டேரியாவில் தனியாக உட்கார்ந்து பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டு, "விசா பேப்பர் நடக்குது மச்சான், கூப்பிடுவா" என்கிறான். நானும் இப்படிப் பரோட்டா பிய்க்கப் போகிறேனோ என்பதுதான் பெனிட்டோவின் பயமெல்லாம்.

விட்பி என்னவோ நல்ல ஊர்தான். நடுவில் ஆறு கடலில் சேர்கிறது. இரண்டு பக்கமும் குன்று, குன்றெல்லாம் சிவப்பு ஓட்டு வீடு, கீழே படகுகள். ஒரு சந்தில் நுழைந்தால் மீனைப் புகைபோடும் வாசம். கடற்புறத்தில் பிறந்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? வேறு சமயமாக இருந்தால் அங்கேயே நின்று, எந்த மீன், என்ன உப்பு என்று விசாரித்திருப்பான். ஆனால் அவன் கண் கடலிலும் இல்லை, மீனிலும் இல்லை. பெண்டாட்டியின் மேல் இருந்தது.

ஏனென்றால் அவள் நீல ஃபைலைக் கொண்டுவந்திருந்தாள். பெட்டியில் ஸ்வெட்டர் தேடியபோது பார்த்துவிட்டான். கல்ஃபில் வேலை செய்பவன் வீட்டில் தீப்பிடித்தால், முதலில் அந்த ஃபைலைத் தூக்கிக்கொண்டுதான் ஓடுவான். அட்டெஸ்ட் செய்த சர்ட்டிபிகேட் எல்லாம் அதற்குள்தான். மூன்று நாள் ஊர் பார்க்க வந்தவளுக்கு நர்சிங் சர்ட்டிபிகேட் எதற்கு? போன் மணியடித்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். யார் என்று கேட்டால், "டியூட்டி குரூப்பு" என்கிறாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது அவனுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? பேய் கண் முன்னால் நீல ஃபைலோடு நடமாடுகிறதே!

இரண்டாம் நாள் காலை அவள் குளித்துக்கொண்டிருந்தபோது, கைப்பையைத் திறந்து அவளுடைய பாஸ்போர்ட்டை எடுத்தான். தன் ஜாக்கெட்டின் உள்பையில், தன்னுடையதோடு சேர்த்து வைத்துக்கொண்டான். பத்திரமாக இருக்கட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அவனுடைய பழைய கம்பெனியிலும் இதையேதான் சொன்னார்கள். "பத்திரத்துக்குத்தான் பாய்" என்று வாங்கிய பாஸ்போர்ட் ஐந்து வருடம் ஆபீஸ் அலமாரியில் கிடந்தது. அவன் அப்பா இறந்தபோது அந்த அலமாரிச் சாவி மானேஜரோடு விடுமுறையில் போயிருந்தது. சாவி வந்து, பாஸ்போர்ட் வந்து, ஊர் போய்ச் சேர்ந்தபோது கல்லறையில் மண் காய்ந்துவிட்டிருந்தது. அதெல்லாம் இப்போது அவன் நினைவுக்கு வரவில்லை. சந்தேகம் வந்துவிட்டால் மனிதனுக்கு வேறு எதுதான் நினைவிருக்கும்?

பத்து மணிக்கு சுபிஷா கோட்டை மாட்டிக்கொண்டாள். "தலை வலிக்கு. கொஞ்சம் நடந்துட்டு வாறேன். நீங்க கெடங்க."

"நானும் வாறேன்."

"வேண்டாம். குளிரு, சும்மா கெடங்க."

கோட்டுக்கு அடியில் நீல ஃபைலின் ஓரம் தெரிந்தது. அவள் தெருவில் இறங்கிய இரண்டாவது நிமிடம் இவனும் இறங்கினான். ஆற்றுப் பாலத்தை அவள் தாண்டினாள். இவன் வரவும், படகுக்கு வழிவிடப் பாலம் திறக்கவும் சரியாக இருந்தது. படகு அசைந்து அசைந்து போகிறது, இவன் இக்கரையில் நின்று பல்லைக் கடிக்கிறான். பாலம் மூடியதும் எதிர்க்குன்றுக்கு மூச்சிரைக்க ஏறினான். உச்சியில், திமிங்கலத் தாடை எலும்பு இரண்டை வளைவாக நட்டு வைத்திருந்தார்கள். அங்கே நின்று சுற்றிப் பார்த்தபோது, சற்றுத் தள்ளி ஒரு வெள்ளைக் கட்டிடத்துக்குள் அவள் நுழைவது தெரிந்தது. வாசல் பலகையில் முதியோர் நர்சிங் ஹோம் என்று எழுதியிருந்தது.

நினைத்தது சரிதான். ரெஷ்மா வழியேதான் இவளும்.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவனுக்குக் கனம் நெஞ்சுப் பக்கம் இருந்தது. ஜாக்கெட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டான். பாஸ்போர்ட் இல்லாமல் எப்படிப் போகிறாள் பார்ப்போம் என்று ஒரு திருப்திகூட வந்தது.

கால் மணி நேரத்தில் சுபிஷா வெளியே ஓடிவந்தாள். வாசல் பெஞ்சில் கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டித் தேடினாள். பிறகு போனை எடுத்தாள். பெனிட்டோவின் பையில் மணியடித்தது.

"இஞ்ச பாருங்க, எனக்க பாஸ்போர்ட் ரூம்ல கெடக்கா? பேக்குல காணல."

"எதுக்குட்டி இப்பம் பாஸ்போர்ட்?"

"ஏசப்பிடாது. இண்டர்வியூவுக்கு வந்தேன். வேலை கெடச்ச மாதிரிதான். ஒரிஜினல் பாக்கணுமாம். ஒங்களுக்கதும் கொண்டாங்க."

"எனக்கது எதுக்கு?"

"ஒங்களயும் சேத்துதான விசாவுக்குப் போடணும்? கல்யாண சர்ட்டிபிகேட்டும் அட்டெஸ்ட் பண்ணிக் கொண்டாந்திருக்கேன்."

"இத எங்கிட்ட மொதல்லயே சொன்னா என்ன?"

"விசா அடிக்காம வாயத் தெறந்தா கண்ணு பட்டுப் போவும்னு நீங்கதான சொல்லுவீங்க? கல்ஃபுக்குப் போறத கட்டுன பொண்டாட்டி எங்கிட்டயே பிளைட்டுக்கு ரெண்டு நாளு முன்னதான சொன்னீங்க?"

உண்மைதான். அவர்கள் கடற்புறத்தில் எல்லோரும் அப்படித்தான். பெற்ற தாய்க்குக்கூட விசா அடித்த பிறகுதான் தெரியும். இத்தனை வருடம் அதை அவன் கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்திருந்தான்.

இன்னமும் தப்பிக்க வழி இருந்தது. கீழே இறங்கி, கொஞ்ச நேரம் கழித்து ஏறி வந்து, "கட்டிலுக்கடியில கெடந்து" என்று சொன்னால் போதும். அப்படித்தான் செய்யப் போனான். "பாக்குறேன், இரு" என்று வாயெடுத்தபோது துறைமுகத்தில் ஒரு படகு சங்கு ஊதியது. அவளுக்கு அது போனுக்குள்ளும் கேட்டது, வெளியிலும் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். எலும்பு வளைவுக்கு அடியில், போனைக் காதில் வைத்தபடி அவள் புருஷன் நின்றான்.

கிட்டே வந்து இரண்டு பாஸ்போர்ட்டையும் நீட்டினான்.

"எப்ப எடுத்தீங்க?"

"காலைல. நீ குளிக்கும்போ. பத்திரத்துக்குத்தான்..." வாயில் அந்தச் சொல் தானாக வந்துவிட்டது. வந்த பிறகுதான் அது யாருடைய சொல் என்று உறைத்தது.

சுபிஷா அவனையே பார்த்தாள். "அப்பாக்க அடக்கத்துக்குப் போவ முடியாம செவுத்துல தலைய முட்டி அழுதீங்களே, அப்பம் நாந்தான பக்கத்துல இருந்தேன்?" என்றாள். இரண்டையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

வேலை கிடைத்தது. வெளியே வந்ததும் அவனுடைய பாஸ்போர்ட்டை அவன் கையில் கொடுத்தாள். சாயங்காலம் படகுத் துறையில் பொரித்த மீன் வாங்கித் தின்றார்கள். மீனுக்கு உறைப்பு போதாது என்றாள், குளிருக்கு நல்ல பூட்ஸ் வாங்க வேண்டும் என்றாள், விசா படிவத்தில் அவன் பேரையும் எழுதியாயிற்று என்றாள். காலையில் நடந்ததைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. சண்டை போட்டிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் மான்செஸ்டர் விமான நிலையத்தில் கவுண்ட்டர் பெண் பாஸ்போர்ட் கேட்டாள். எந்தப் பயணத்திலும் இரண்டையும் வாங்கி நீட்டுவது பெனிட்டோதான். பழக்க தோஷத்தில் சுபிஷாவின் பக்கம் கையை நீட்டினான்.

"ஒங்களுக்கத நீங்க குடுங்க" என்றாள் அவள். அவன் கையைத் தாண்டி, தன்னுடையதைத் தானே கவுண்ட்டரில் வைத்தாள். பாஸ்போர்ட் திரும்பி வந்ததும் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடி, பையை அவன் நிற்காத பக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.