ஓடினுக்கு எந்தக் கண்ணு?

சித்ரகலாவின் டேபிளைத் தாண்டி ஒரு பொத்தல் பனியன் வெளியே போனதாக ராயபுரத்தில் யாரும் சொல்ல முடியாது. பொங்கியண்ணனின் பனியன் யூனிட்டில் பதினாறு வருஷமாகச் செக்கிங் அவள் கையில்தான். துணியை ட்யூப்லைட்டுக்கு அடியில் விரிப்பாள். குறுக்கே ஒரு பார்வை, நெடுக்கே ஒரு பார்வை. எங்காவது தையல் விட்டிருந்தாலோ மை தெறித்திருந்தாலோ, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் அந்த இடத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். அந்த அம்பைக் கண்டாலே டெய்லர்கள் முணுமுணுத்துக்கொண்டு தையலைப் பிரிப்பார்கள். பிரிண்டிங் பார்க்கிற டேனியல் மட்டும், "அக்கா கையில வில்லு ஒண்ணுதான் கொறைங்க" என்று சிரிப்பான்.

அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரு வருஷமாக இடது கண் சரியாகத் தெரியவில்லை. முழு இருட்டு இல்லை. மோர் ஊற்றிக் கழுவாமல் வைத்த டம்ளர் வழியாகப் பார்க்கிற மாதிரி ஒரு மங்கல். கண்புரை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சின்ன ஆபரேஷன், காலையில் வந்தால் சாயங்காலம் ஊட்டுக்குப் போய்விடலாம் என்றும் சொன்னார்கள். கண்ணை அறுப்பதற்கு அவள் பயப்படவில்லை. லீவு கேட்கத்தான் பயந்தாள். லீவு கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். செக்கருக்கே கண் தெரியாது என்று ஒரு காதில் விழுந்தால் போதும், மறுநாளே பேக்கிங்கில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்ட அனுப்பிவிடுவார்கள். பேக்கிங் ஒன்றும் கேவலமான வேலை இல்லை. ஆனால் அந்த டேபிளை விட்டு எழுந்தால் தான் யார் என்று அவளுக்கே தெரியாது. அதனால் முகத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பி, வலது கண்ணாலேயே இரண்டு கண் வேலையையும் பார்த்துவந்தாள். கேட்டவர்களிடம் கழுத்துச் சுளுக்கு என்றாள். ஒரு வருஷமாகவா சுளுக்கு என்று யாரும் கேட்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் நார்வே ஆர்டர் வந்தது. பிடித்தவள் பொங்கியண்ணனின் மகள் மோனிஷா. வெளிநாட்டுப் பார்ட்டிகளோடு பேசுவது அவள் வேலை. ஆர்டர் கொடுத்தவர்கள் துணிக்கடைக்காரர்கள் இல்லை, பாட்டுக்காரர்கள். ஹெவி மெட்டல். ஆறு பேர், ஆறு பேருக்கும் இடுப்பு வரை முடி, மார்பு வரை தாடி. கப்பலேறிப் போய்ச் சண்டை போட்ட தங்கள் முப்பாட்டன்மார்களையும், அந்தக் காலத்துச் சாமிகளையும் பற்றித்தான் பாடுவார்களாம். ஊர் ஊராகக் கச்சேரி கிளம்புகிறார்கள், அங்கே விற்பதற்கு இரண்டாயிரம் கறுப்பு டீசர்ட் வேண்டும், திங்கட்கிழமைக்குள் சரக்கு கிளம்பியாக வேண்டும். குழுவின் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. யூனிட்டில் எல்லோரும் 'தாடிக்காரங்க ஆர்டர்' என்றே சொன்னார்கள்.

டேனியலுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சேவூர் சர்ச்சில் கொயருக்கு ட்ரம்ஸ் வாசிப்பான். மற்ற ஆறு நாளும் இந்தத் தாடிக்காரர்களைத்தான் காதில் மாட்டிக்கொண்டிருப்பான். கல்யாணம் நிச்சயமான அன்றுகூட அவன் இப்படித் துள்ளவில்லை என்று அவனுடைய பெண்சாதியே சொன்னாள். ஆர்டர் உறுதியான அன்றைக்கே ஒரு ஸ்பீக்கரைக் கொண்டுவந்து பிரிண்டிங் செக்‌ஷனில் வைத்துப் போட்டுவிட்டான். போர்வெல்லில் தண்ணீர் தீர்ந்த பிறகும் நிறுத்தாமல் ஓடுகிற மோட்டார் மாதிரி ஒருவர் தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்தினார். டெய்லர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"ஏந்தம்பி, அவருக்கு ஒடம்புக்கு என்னங்?" என்று கேட்டாள் சித்ரகலா.

"பாட்டுங்க்கா. அப்படித்தான் பாடுவாங்க."

இரண்டு நாளில் பழகிவிட்டது. மூன்றாம் நாள் அந்த ட்ரம்ஸுக்குத் தகுந்தாற்போல டெய்லர்கள் பெடலை மிதிக்க ஆரம்பித்தார்கள், தையல் லைன் வேகம் பிடித்தது. கணக்குப் பார்த்த பொங்கியண்ணன், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியே வைக்கச் சொன்னார்.

டீசர்ட்டின் முன்பக்கத் துணியில் முதலில் படத்தை அச்சடித்துவிடுவார்கள். சித்ரகலா பார்த்து விட்ட பிறகுதான் அது தையலுக்குப் போகும். முதல் கட்டு அவள் டேபிளுக்கு வந்தது. தாடி வைத்த ஒரு கிழவனாரின் முகம், இரண்டு தோளிலும் காக்கைகள், சுற்றிலும் குச்சி குச்சியாக என்னவோ எழுத்து. குறுக்கே பார்த்தாள், நெடுக்கே பார்த்தாள். கிழவனாருக்கு ஒரு கண் இல்லை, அங்கே மூடின இமை மாதிரி ஒரு கோடுதான்.

துணியை லைட்டுக்குக் கிட்டே தூக்கினாள். கண் இல்லாதது அவருக்கா, தனக்கா? வலது கண்ணை மூடிப் பார்த்தாள். மங்கலில் கிழவனாரே காணாமல் போனார். இடது கண்ணை மூடிப் பார்த்தாள். கிழவனார் இருந்தார், கண் மட்டும் ஒன்றுதான். அடுத்த துணியிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். அப்பாடா என்று இருந்தது. தன் கண் சரி, பிரிண்ட்தான் விட்டுப்போயிருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டு மணிக்குள் முந்நூறு துணியில் முந்நூறு அம்பு ஒட்டி, கட்டிவைத்துவிட்டாள்.

மோனிஷா வந்து பார்த்தாள், ஒன்றை எடுத்தாள், இன்னொன்றை எடுத்தாள். பிறகு டேபிளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அக்கா, அந்தச் சாமிக்கு ஒரு கண்ணுதானுங்க்கா."

சிரிப்பு தையல் லைனுக்குப் பரவி, கட்டிங்குக்குப் போய், பேக்கிங் வரைக்கும் எட்டிவிட்டது. சத்தம் கேட்டு வந்த பொங்கியண்ணனும் சிரித்தார். அதோடு விட்டிருக்கலாம். "ஏனம்மிணி, கண்ணுக்கு முடியலீனா சொல்லுங்க. அடுத்த மாசத்துல இருந்து பேக்கிங்ல உக்காந்துக்கலாம்" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொன்னாரா, வினையாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. பெரும்பாலும் அவருக்கே தெரிந்திருக்காது. சித்ரகலா முந்நூறு அம்பையும் ஒவ்வொன்றாக உரித்தாள்.

சாயங்காலம் கம்பெனி வேனில் டேனியல் அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான். இரண்டு பேருக்கும் சேவூர்தான்.

"அக்கா, அந்தச் சாமி பேரு ஓடினுங்க்கா."

"ஓடினாரா? எங்க ஓடினாரு?"

"ஓடுலீங்க்கா. பேரே ஓடின். ஒரு கெணறு இருக்குதாம். அதுல ஒரு வாய்த் தண்ணி குடிச்சா ஒலகத்துல இருக்கற அறிவெல்லாம் வந்துருமாம். கண்ணக் குடுத்தாத்தான் தண்ணின்னாங்களாம். இவரு நோண்டிக் குடுத்துட்டாருங்க்கா."

சித்ரகலா ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

"கண்ணப்ப நாயனாரு சாமிக்குக் கண்ணக் குடுத்தாரு. இங்க சாமியே தண்ணிக்குக் குடுத்திருக்குது. அங்கயும் தண்ணிக் கஷ்டமாட்ட இருக்குது."

டேனியல் சிரித்தான். அவள் சிரிக்காமல் கேட்டாள்: "ஒத்தக் கண்ணோட அப்பறம் என்ன பண்ணுனாரு?"

"சாமிக்கெல்லாம் ராசாவா இருந்தாருங்க்கா. அவர யாரும் பேக்கிங்குக்கு அனுப்பலீங்க."

அதைக் கேட்டு அவளுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் கட்டைப் பிரித்தபோது கிழவனாரை நேருக்கு நேர் பார்த்தாள். கண்ணில்லாத பக்கம் அவளுடைய இடக்கைப் பக்கமாக இருந்தது. கண்ணாடியில் தன்னைப் பார்ப்பது போல, தன் மங்கல் கண்ணுக்கு நேரே அவருடைய மூடின கண். 'உனக்கும் அந்தப் பக்கந்தானா சாமி' என்று மனதுக்குள் கேட்டாள். ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லாததை ஒருவரிடம் சொன்ன மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு துணிக்கும் ஒரு தலையசைப்பு. கழுத்துச் சுளுக்கு முற்றிவிட்டது என்று டெய்லர்கள் பேசிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை, படம் அச்சடிக்கிற வலைத்துணியான பிரிண்டிங் ஸ்கிரீன் கிழிந்துவிட்டது. டேனியல் புது ஸ்கிரீன் போட்டு, பாட்டுக்குத் தலையை ஆட்டிக்கொண்டே மிச்சத்தை அச்சடித்துத் தள்ளினான். சனிக்கிழமை காலை அந்தக் கட்டுகள் சித்ரகலாவின் டேபிளுக்கு வந்தன. அச்சு பளிச்சென்று இருந்தது. மை தெறிக்கவில்லை, எங்கும் விடுபடவில்லை. விட்டுவிடலாம் என்று கை போனது. மனசுதான் போகவில்லை. வழக்கம்போலத் தலையை அசைத்துப் பார்த்தாள். கிழவனார் அவளைக் கண்டுகொள்ளவில்லை. அவளுடைய இடக்கைப் பக்கம் திறந்த கண் இருந்தது. மூடின கண் அவளுடைய வலக்கைப் பக்கம் இருந்தது.

ஒரு அம்பை உரித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கண்ணைப் பற்றி மறுபடியும் வாயைத் திறந்து, அதுவும் தப்பாகிப் போனால், அடுத்த மாசம் வரைகூடக் காத்திருக்க மாட்டார்கள். பேசாமல் விட்டால் இந்த ராயபுரத்தில் ஒரு ஆளுக்கும் தெரியப்போவதில்லை. தெரிகிறவர்களெல்லாம் நார்வேயில் இருந்தார்கள். ஆனால் அவளுக்குத் தெரிந்துவிட்டதே, அதை என்ன செய்வது. அம்பை ஒட்டினாள், துணியைத் தூக்கிக்கொண்டு நேராக டேனியலிடம் போனாள்.

"தம்பி, உங்க சாமிக்கு எந்தக் கண்ணு போச்சு?"

"என்ற சாமி இல்லீங்க்கா, நான் சர்ச்சுக்குப் போறவன்" என்று சிரித்தபடி துணியைப் பார்த்தான். "எல்லாம் சரியாத்தானுங்க்கா இருக்குது. எழுத்தெல்லாங்கூடச் சரியா விழுந்திருக்குது."

"அந்த எழுத்து உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"பாக்கத் தெரியுமுங்க்கா."

"அப்ப என்றகூட வா."

மோனிஷா கம்ப்யூட்டரிலிருந்து திரும்பி, துணியையும் அம்பையும் பார்த்தாள். "அக்கா, மறுபடியும் கண்ணா?"

"ஆமா கண்ணு. நார்வேக்காரங்க சரின்னு கையெழுத்துப் போட்டு அனுப்புன சாம்பிள் பீஸ ஒருக்கா எடு."

குரலில் என்ன இருந்ததோ, மோனிஷா சிரிக்காமல் பீரோவைத் திறந்தாள். சாம்பிளையும் புதுத் துணியையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார்கள். இரண்டு கிழவனார்களும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். குச்சி எழுத்துகளும் வலது இடதாகத் திரும்பியிருந்தன. டேனியல் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தான். புது ஸ்கிரீனுக்குப் படம் ஏற்றும்போது ஃபிலிமைத் திருப்பிப் போட்டிருக்கிறான். தமிழ் எழுத்தாக இருந்திருந்தால் முதல் துணியிலேயே தெரிந்திருக்கும். போர்வெல் தொண்டைக்காரர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். யாரோ போய் ஸ்பீக்கரை நிறுத்தினார்கள்.

பொங்கியண்ணன் வந்தார். அறுநூற்று நாற்பது துணி. டேனியலை நாலு வார்த்தை திட்டிவிட்டு, ஐந்தாவது வார்த்தையில் கட்டிங்குக்குப் புதுத் துணி இறக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வர வேண்டும் என்றார். டேனியல் சர்ச்சை முடித்துவிட்டு வரலாம். பிறகு இரண்டு துணிகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"இத நானும் பாத்தேன், பாப்பாவும் பாத்தா, பூராப் பேரும் பாத்தோம். உங்களுக்கு மட்டும் எப்படியம்மிணி தெரிஞ்சுது?"

அனுபவம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். நாக்கு நுனி வரைக்கும் அந்த வார்த்தை வந்ததும் உண்மை. ஆனால் பதினாறு வருஷம் தப்பான பீஸுக்கு அம்பு ஒட்டியவளுக்கு, தனக்கு மட்டும் ஒட்டாமல் விடுவது அன்றைக்கு ஏனோ கூசியது.

"எனக்கும் எடது கண்ணு தெரியாதுங்ண்ணா. ஒரு வருசமாச்சு. பொரைங்க. இவருக்கும் அதே பக்கம்னு தெனமும் பாத்துக்குவேன். இன்னிக்கு மாறியிருந்துச்சுங்க."

பொங்கியண்ணன் அவள் முகத்தைப் பார்த்தார், டேபிளைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார்.

"ஒரு வருசமா ஒத்தக் கண்ணுலயா எங்களை இந்தப் பாடு படுத்துனீங்க?"

"ஆமாங்" என்றாள்.

"சரக்குக் கெளம்புனதும் ஆபரேசன் பண்ணிக்குங்க. அந்த டேபிள்ல வேற ஆளு உக்கார மாட்டாங்க. இனி ரெண்டு கண்ணோட வந்தீங்கன்னா எங்க கதி என்னாகுமோ, அதுதான் ரோசனையா இருக்குது."

சரக்கு திங்கட்கிழமை கிளம்பியது. வியாழக்கிழமை ஆபரேஷன். நேராக ஊட்டுக்குப் போய்ப் படுங்கள், நாளைக்குக் காலையில் கட்டைப் பிரிக்கலாம் என்று டாக்டர் சொன்னார். சித்ரகலா ஆட்டோக்காரரிடம் ராயபுரம் என்றாள்.

இடது கண்ணில் வெள்ளைக் கட்டோடு அவள் உள்ளே நுழைந்ததும் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவள் டேபிளுக்கு மேலே சுவரில் கிழவனாரை மாட்டிவைத்திருந்தார்கள். சித்ரகலா முகத்தை இடப்பக்கம் திருப்பி, நின்று பார்த்தாள்.

"டேனியலு, இது ரிஜெக்ட் பீஸு."

"நல்ல பீஸெல்லாம் கப்பலேறிருச்சுங்க்கா."

மோனிஷாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அந்தக் கட்டைப் பார்த்துவிட்டு எப்படிச் சிரிப்பது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். டெய்லர்களும் அப்படியே தலையைக் குனிந்துகொண்டார்கள். அன்றைக்கு இடி மாதிரிச் சிரித்த கூட்டம் இன்று மூச்சுவிடவே யோசித்தது. சித்ரகலாவுக்கு அது பொறுக்கவில்லை. டேபிள் டிராயரை இழுத்தாள், ஒரு சிவப்பு அம்பை உரித்தாள், தன் கண்கட்டின் மேல் ஒட்டிக்கொண்டாள்.

"பிரிண்டு விட்டுப் போச்சுங்க. நாளைக்குச் சரியாயிரும்" என்றாள். "அந்தப் பாட்டப் போடு தம்பி."