வரிசையில் எட்டாவது ஆள்

அடுத்தவர் வாயைத் திறக்க வைப்பது என் தொழில். வீட்டுக்கு வந்தால் என் வாயை மூடிக்கொள்வது என் பிழைப்பு. நான் பல் டாக்டர். என் மனைவி விமானி. சிறிய விமானங்கள் ஓடிய பிரிவையே கம்பெனி மூடி, "நிலைமை சரியானதும் வரிசைப்படி கூப்பிடுவோம்" என்று எல்லாரையும் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் சமையலறைதான் அவளுக்கு விமானம்.

விமானத்தில் ஒருவர் கேட்க, மற்றவர் தொட்டுப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டுமாம். வீட்டைப் பூட்டும்போதும் அதே கூத்துதான்.

"கேஸ்?"

"மூடியாச்சு."

"தொட்டுப் பாத்தீங்களா?"

"கண்ணால பாத்தேன்மா."

"கண்ணு பொய் சொல்லும். போய்த் தொட்டுட்டு வாங்க."

தொட்டுவிட்டு வருவேன். மேலே விமானச் சத்தம் கேட்டால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அவள் ஜன்னலுக்கு ஓடுவதைப் பார்த்தவனுக்குக் கோபம் எப்படி வரும்?

போன மாதம் வயிற்றெரிச்சலான செய்தி ஒன்று வந்தது. அந்த விமானங்கள் மறுபடி ஓடப்போகின்றன. ஆனால் வீட்டில் காத்திருப்பவர்களை விட்டுவிட்டு, ஏஜென்சி மூலம் ஒப்பந்த விமானிகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளோ அன்று வீட்டைப் பூட்டும்போது கேஸைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

போன வாரம், என் விடுமுறை நாளில், அந்தப் பிரிவு மேனேஜரிடமிருந்து போன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், ஒரு சின்ன உதவி. புது ஆளுங்க ஹோட்டல்ல சும்மா உக்காந்திருக்காங்க. அவங்க பயணிகளை ஏத்தறதுக்கு முன்னாடி, பக்கத்துல உக்காந்து சோதிச்சு ஒருத்தர் சரின்னு சொல்லணும்ல?"

"ஆமா. சோதனை கேப்டன் சொல்லணும்."

"அந்தத் தகுதி இருந்தவங்க எல்லாம் வேற கம்பெனிக்குப் போயிட்டாங்க. நீங்கதான் மிச்சம். ஒப்பந்தத்துல வந்து சோதிச்சுக் குடுத்துட்டுப் போங்களேன்."

"சோதிக்கிறவங்க கம்பெனியோட நிரந்தர ஆளா இருக்கணுமே சார்."

மறுமுனையில் இருமல். ஓட்டத் தெரிந்தவர்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஓட்ட வந்தவர்களுக்குச் சரி சொல்ல ஆளில்லாமல் முழிக்கிறார் மனுஷன். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"டிக்கெட் எல்லாம் வித்தாச்சு மேடம். சரி, உங்களை மட்டும் நாளைக்கே நிரந்தரமா எடுத்துக்கறோம். போதுமா?"

அவள் குழாயை மூடினாள். இந்த வார்த்தைக்காக அவள் எப்படி ஏங்கினாள் என்று எனக்குத்தானே தெரியும். 'சரின்னு சொல்லு' என்று ஜாடை காட்டினேன்.

"வரிசையில நான் எட்டாவது ஆள் சார். முன்னாடி இருக்கற ஏழு பேரையும் கூப்பிட்டுட்டு என்னைக் கூப்பிடுங்க."

"அவங்க எனக்கு எதுக்கு?"

"அப்ப நானும் வரலை."

வைத்தே விட்டாள்.

"கிறுக்கா உனக்கு? தேடி வந்த வேலையை வாசலோட அனுப்பிட்டியே!" என்றேன்.

"நம்ம குட்டை கேப்டன் ஸ்கூல் பஸ் ஓட்டிக்கிட்டிருக்காரு. அவருதான் முதல் ஆள். அவரைத் தாண்டிப் போய் உக்காந்துட்டு, அவர் முகத்துல எப்படி முழிப்பேன்?" என்று சொல்லிவிட்டுக் குழாயை மறுபடி திறந்தாள்.

அன்று முழுக்க இருவரும் போனையே சுற்றிச் சுற்றி வந்தோம். சாயங்காலம் அது அடித்தது. மேனேஜர் இல்லை, குட்டை கேப்டன்.

"தங்கச்சி! என்னைக் கூப்பிட்டுட்டாங்க! எட்டு பேரையும் எடுக்கறாங்களாம். அடுத்த போன் உனக்குத்தான். வை, வை, லைனைப் பிடிச்சுக்காதே!"

போன் போட்டவரே அவர்தான், வைக்கச் சொல்பவரும் அவரேதான். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். நானும்தான், சொல்வதில் என்ன வெட்கம்?

இன்று காலை சீருடை போட்டுக்கொண்டு போய்விட்டாள். நான் கிளினிக்குக்குக் கிளம்பினேன். வீடு வெறிச்சென்று இருந்தது.

"கேஸ்?" என்று நானே கேட்டேன். "மூடியாச்சு" என்று நானே சொன்னேன். மனசு கேட்காமல் உள்ளே போய்த் தொட்டுப் பார்த்தால், திறந்தே இருந்தது. மூடினேன்.

அப்போது மேலே விமானச் சத்தம் கேட்டது. கையிலிருந்த சாவியைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடினேன்.