பிராதில் இரண்டாவது பெயர்

1967-இல் ஏடனுக்கு அனுப்பிய நாற்பது பெட்டி பீங்கான் ஃப்யூஸ் கட்டைகள் என்ன ஆயின என்று மாணிக்கவேலுக்குக் கடைசிவரை தெரியவில்லை. வெள்ளைக்காரன் ஏடனை விட்டுப் போன சமயம் அது. துறைமுகத்தில் சரக்கை யார் இறக்கினார்கள், யார் எடுத்துப் போனார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனி வைத்து, அப்போதுதான் வெளிநாட்டு வியாபாரத்தில் கால் வைத்திருந்தார் அவர். இனிமேல் ஒரு நாட்டுக்குச் சரக்கு அனுப்புமுன் அந்த நாடு எப்படி இருக்கிறது என்று விசாரித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று முடிவு செய்தார்.

அந்த ஆளாகத்தான் கோதண்டபாணி வந்து சேர்ந்தார். ரங்கூனில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் பதினெட்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர். 1964-இல் பர்மா சர்க்கார் கம்பெனிகளை எடுத்துக்கொண்டதில் எல்லாம் போய், மனைவி அமிர்தத்தோடும் ஒரு டிரங்குப் பெட்டியோடும் கப்பலேறினார். அந்தப் பெட்டியிலும் பாதியை அங்கே சுங்கத்தில் பிடுங்கிக்கொண்டார்கள். இங்கே வந்து நான்கு வருஷம் மச்சான் வீட்டுப் பின்கட்டில் கிடந்தார். தெருவில் அவருக்குப் பெயர் இல்லை, "பர்மாக்காரரு" என்றார்கள். மச்சான் சம்சாரம் சோறு போடும்போது தட்டை வைக்கும் சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்கும்.

கம்பெனியில் அவருக்கு ஒரு தனி அறையும், ஒரு டைப்ரைட்டரும், சிற்றலை பிடிக்கும் ரேடியோவும் கொடுத்தார்கள். காலையில் ரேடியோ கேட்பார். மத்தியானம் ரயிலில் வரும் இங்கிலீஷ் பேப்பரை வரி விடாமல் படிப்பார். சென்னையிலும் பம்பாயிலும் உள்ள கப்பல் ஏஜெண்டுகளுக்குக் கடிதம் எழுதி விசாரிப்பார். பிறகு ரிப்போர்ட் அடித்து முதலாளி மேஜையில் வைப்பார். 1970-இல் ஜோர்டானுக்குப் போக இருந்த சரக்கை நிறுத்தச் சொன்னார். இரண்டே வாரத்தில் அம்மான் நகரத் தெருக்களில் பீரங்கி வண்டிகள் ஓடின. மாணிக்கவேல் அவரை வீட்டுக்கு அழைத்து, தன் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார். அந்த வருஷமே ஜங்ஷன் ரோட்டில் கம்பெனி வீடு ஒன்று கோதண்டபாணிக்குக் கிடைத்தது. அமிர்தம் தன் சொந்த அடுப்பில் பால் காய்ச்சினாள்.

1972 மார்ச்சில் உகாண்டா விஷயம் வந்தது. அங்கே தலைநகர் கம்பாலாவில் பெரிய கடை வைத்திருந்த ஜீவன்பாய் என்ற குஜராத்தி, ஜிஞ்சா என்ற ஊரில் பீங்கான் சூளை போட வேண்டும் என்றார். கட்டவும் வேலை பழக்கவும் மூன்று பேரை மாணிக்கவேல் அனுப்ப வேண்டும், லாபத்தில் பங்கு. இந்த முறை போகப்போவது பெட்டிகள் அல்ல, ஆட்கள்.

கோதண்டபாணி பத்து நாள் விசாரித்தார். முந்தின வருஷம்தான் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்தது. இந்தியர்களைத் தனியாகக் கணக்கெடுத்து முடித்திருந்தார்கள். ரங்கூனிலும் முதலில் கணக்குத்தான் எடுத்தார்கள்.

நான்கு பக்கம் ரிப்போர்ட் அடித்தார். மூன்று பக்கம் நாட்டு நிலவரம். நான்காம் பக்கத்தில் தன் முடிவு: இப்போது ஆட்களை அனுப்ப வேண்டாம். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், பாஸ்போர்ட் அவரவர் கையிலேயே இருக்க வேண்டும். திரும்பி வரும் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துக் கொடுக்க வேண்டும். ஏதாவது ஆனால் கம்பெனி உத்தரவுக்குக் காத்திராமல் அவர்கள் கிளம்பிவிடலாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

மாணிக்கவேல் நான்கையும் நிதானமாகப் படித்தார்.

"மூணு பக்கம் நல்லா இருக்குது. இந்த நாலாவதை எடுத்துடுங்க."

"முதலாளி, அதுதாங்க முக்கியம்."

"பாஸ்போர்ட்டைத் தன்கிட்ட வச்சுக்குவேன்னு ஜீவன்பாய் எழுதியிருக்காரு. இல்லன்னா நம்ம ஆளுங்க வேற எடத்துக்கு ஓடிடுவாங்களாம். கடன் குடுக்க பேங்குல இந்த ரிப்போர்ட்டைக் கேக்கறாங்க. நாலாவது பக்கத்தைப் பாத்தா ஒருத்தனும் கையெழுத்துப் போட மாட்டான்."

"ரங்கூன்ல நான் பாத்திருக்கேங்க. காகிதம் மேஸ்திரிகிட்ட மாட்டிக்கிட்டு, கப்பல் கண்ணு முன்னால போறதைப் பாத்துக்கிட்டு நின்னவங்களை..."

மாணிக்கவேல் குரலை உயர்த்தவில்லை. "உங்களுக்கு எல்லாமே ரங்கூனாத்தான் தெரியும். எனக்கு யோசனை சொல்றவரு வேணும், பயங்காட்டறவரு வேணாம். வீடெல்லாம் சௌகரியமா இருக்குதா?"

கோதண்டபாணி தன் அறைக்கு வந்தார். மச்சான் வீட்டுத் தட்டுச் சத்தம் காதில் கேட்டது. மூன்றாம் பக்கத்தின் கடைசி வரியை மட்டும் மாற்றி மறுபடி அடித்தார்: 'தக்க ஏற்பாடுகளுடன் அனுப்பலாம்.' கீழே கையெழுத்துப் போட்டார். நான்காம் பக்கத்தின் கார்பன் நகலைக் கிழிக்க மனம் வராமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

போவதற்குத் தேர்வான மூவரில் கொளஞ்சியப்பன் மூத்தவர். கருவேப்பிலங்குறிச்சிக்காரர். சூளையின் நிறத்தைப் பார்த்தே சூடு எவ்வளவு என்று சொல்லிவிடுவார். மற்ற இருவர் தங்கதுரையும் விருத்தகிரியும், கல்யாணமாகாதவர்கள். மே மாதம், கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் கொளஞ்சியப்பன் கோதண்டபாணியின் அறை வாசலில் வந்து நின்றார். செருப்பை வெளியே விட்டிருந்தார்.

"சார், ஒரு வார்த்தை கேக்கணும். வூட்ல பொம்பள அழுவுது. ரெண்டு கொயந்தைங்க. நீங்க ஒலகமெல்லாம் படிக்கறவரு. போலாமா சார்?"

கோதண்டபாணி நிமிர்ந்து பார்த்தார். நகல் சட்டைப் பையில்தான் இருந்தது.

"போயிட்டு வாங்க கொளஞ்சியப்பன். ரெண்டு வருஷம், கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிடும்."

"நீங்க சொன்னா சரிங்க சார்," என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்போடுதான் போனார்.

ஆகஸ்டு முதல் வாரத்தில் ரேடியோ சொன்னது: இந்தியர் முதலான ஆசியாக்காரர்கள் தொண்ணூறு நாளில் உகாண்டாவை விட்டுப் போக வேண்டும். கோதண்டபாணி முதலாளி அறைக்கு ஓடினார்.

"இப்பவே தந்தி அடிங்க முதலாளி. மூணு பேரும் கிளம்பட்டும்."

"தொண்ணூறு நாள் இருக்குதே. முதல் சூளை இப்பத்தான் பத்தவச்சிருக்காங்க. அது ஆறி சரக்கு வெளியில வந்துடட்டும்."

அந்தச் சூளை ஆறியது. அடுத்ததையும் வைக்கச் சொன்னார் மாணிக்கவேல். செப்டம்பர் நடுவில் எல்லையில் சண்டை என்று செய்தி வந்தது. அதன்பின் ஜிஞ்சாவிலிருந்து கடிதம் வரவில்லை. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து கொளஞ்சியப்பனின் மனைவி திரௌபதி வாரம் தவறாமல் பஸ் ஏறி வந்து கம்பெனி கேட்டில் நின்றாள். கோதண்டபாணி ஒவ்வொரு முறையும் பின்பக்கக் கதவு வழியாக வெளியே போனார்.

அக்டோபர் கடைசியில் தங்கதுரையும் விருத்தகிரியும் வந்தார்கள். இரண்டு பேர்தான் வந்தார்கள். தங்கதுரைக்கு முன்பல் இரண்டு இல்லை. கோதண்டபாணியின் வீட்டில் தரையில் உட்கார்ந்து அவன்தான் சொன்னான்.

"ஜீவன்பாய் குடும்பத்தோட லண்டனுக்குப் போயிட்டாரு சார். எங்ககிட்டச் சொல்லவே இல்ல. எங்க மூணு பேரு பாஸ்போர்ட்டும் கம்பாலாவுல அவரு கடையில கெடக்குது. பாஸ்போர்ட்டு இல்லாம எப்படிப் போறது? அண்ணந்தான், 'நீங்க சின்னப் பசங்க, இருங்கடா, நான் போயி எடுத்தாறேன்'னு பஸ்ஸு ஏறுச்சு. வழியில பட்டாளத்துக்காரனுங்க பஸ்ஸை நிறுத்தினானுங்களாம். காகிதம் இல்லாதவங்களை எறக்கினானுங்களாம். அதே பஸ்ஸுல போன ஒருத்தரு வந்து சொன்னாரு. அண்ணனை எறக்கினதைப் பாத்திருக்காரு. அதுக்கு மேல தெரியல சார்."

"நீங்க எப்படி வந்தீங்க?"

"எட்டு நாள் பாத்துட்டு, ஜிஞ்சாவுலயே தெறந்திருந்த நம்ம நாட்டு ஆபீஸுல போயி அழுதோம். பாஸ்போர்ட்டுக்குப் பதிலா ஒரு காகிதம் குடுத்து ரயில்ல ஏத்திவுட்டாங்க. மொம்பாசாவுல கப்பலு. அந்தக் காகிதம் இவ்ளோ லேசாக் கெடைக்கும்னு முன்னாடியே ஒருத்தர் சொல்லியிருந்தா அண்ணன் அந்த பஸ்ஸுல ஏறியிருக்காது சார்."

அன்று இரவு கோதண்டபாணி சட்டைப் பையிலிருந்த நகலை எடுத்துப் படித்தார். அது என்ன காகிதம் என்று அமிர்தம் கேட்டாள். அவர் அதை மடித்து மறுபடி பையில் வைத்துக்கொண்டார்.

டிசம்பரில் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி விசாரிக்க வந்தார். மாணிக்கவேல் மூன்று பக்க ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார். "எங்க ஆலோசகர் போட்ட கையெழுத்து சார். அனுப்பலாம்னு அவர்தான் எழுதியிருக்காரு. அவரை நம்பித்தான் அனுப்பினோம்."

அதிகாரி கோதண்டபாணியைப் பார்த்தார். "இது உங்க கையெழுத்துதானே?"

நகலை எடுத்து மேஜையில் போட்டிருக்கலாம். போட்டால் முதலாளி மாட்டுவார். கூடவே, தெரிந்தே கையெழுத்துப் போட்டவன் என்று தானும் மாட்டுவார். "ஆமாங்க," என்று மட்டும் சொன்னார். காணாமல் போனவர் இறந்ததாக அத்தாட்சி இல்லாததால் கம்பெனி எதற்கும் பொறுப்பில்லை என்று எழுதிக்கொண்டு அதிகாரி போய்விட்டார். கோதண்டபாணி நகலை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்தார்.

பொங்கல் கழித்து ஒரு நாள் காலையில் திரௌபதி அவர் வீட்டுக்கே வந்தாள். கையில் ஒரு முழுத்தாள்.

"ஐயா, மணவாளநல்லூர் கோயில்ல கொளஞ்சியப்பர் சாமிக்குப் பிராது எழுதிக் கட்டப் போறேன். ஆபீஸுல கேட்டாச்சு, கவர்மெண்டுல கேட்டாச்சு. இனிமே சாமிதான் கேக்கணும். நீங்க நல்லா எழுதுவீங்கன்னு தங்கதுரை சொன்னான். எழுதிக் குடுங்க."

கோதண்டபாணி பேனாவை எடுத்தார். கணவன் பெயர், ஊர், எல்லாம் அவள் சொல்லச் சொல்ல எழுதினார்.

"காணாமப் போன எடம் இங்கேருந்து எத்தினி மைலுன்னு போடணுமாம். எத்தினி மைலுங்க?"

"மூவாயிரத்துக்கு மேல இருக்கும்."

"சாமி அவ்ளோ தூரம் போகுமா?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள். அவர் மைல் கணக்கைத் தாளில் எழுதினார்.

"யாரு மேல பிராதுன்னு எழுதட்டும்?"

"எம் புருசனைத் தெரிஞ்சே அனுப்பினவங்க மேல. மொதலாளி பேரை எழுதுங்க."

எழுதினார். பேனா நின்றது. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அங்கேயே நிறுத்தினால் அவளுக்குத் தெரியப் போவதில்லை. பிறகு இரண்டாவதாகத் தன் பெயரையும் எழுதி, முழுவதையும் உரக்கப் படித்தார்.

திரௌபதி நிமிர்ந்தாள். "உங்க பேரு எதுக்குங்க?"

அவர் பெட்டியைத் திறந்து நகலை எடுத்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். பாஸ்போர்ட். டிக்கெட். உத்தரவுக்குக் காத்திராமல் கிளம்புவது. முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவரு உங்களாண்ட வந்து போலாமான்னு கேட்டாரே. அன்னிக்கு இது உங்ககிட்ட இருந்துச்சா?"

"இருந்தது."

அவள் தாளை வாங்கி மடித்துக்கொண்டாள். சமையற்கட்டு வாசலில் நின்றிருந்த அமிர்தம் காபி கொண்டு வந்து நீட்டினாள். திரௌபதி அதைத் தொடாமல் எழுந்து போனாள்.

பிராது கட்டிய சங்கதி ஒரே வாரத்தில் கம்பெனிக்கு வந்தது. சூளைக்காரர்கள் முதலாளி முகத்தைப் பார்க்காமல் பேசினார்கள். மாணிக்கவேலின் தாயார் தங்கம்மாள், சாமி முன்னால் மகன் மேல் பிராது இருக்கும்வரை அன்ன ஆகாரம் எடுக்க மாட்டேன் என்று படுத்துவிட்டாள். மாணிக்கவேல் கோதண்டபாணியைக் கூப்பிட்டார். ஏடன், ஜோர்டான், உகாண்டா எதற்கும் வெளுக்காத முகம் அன்றைக்கு வெளுத்திருந்தது.

"அந்தப் பொண்ணுக்கு பேக்கிங்ல நிரந்தர வேலை போட்டுத் தரேன். பசங்க படிப்பு நம்ம பொறுப்பு. பிராதை வாபஸ் வாங்கச் சொல்லுங்க. உங்களால ஆவும்."

"நாலாம் பக்கத்தைப் பாத்து வராத பயம்..." என்று கோதண்டபாணி ஆரம்பித்தார்.

"போயிட்டு வாங்க," என்றார் முதலாளி.

கருவேப்பிலங்குறிச்சியில் திரௌபதி அடுத்தவர் கொல்லையில், பிடுங்கிப் போட்ட கடலைச் செடிகளிலிருந்து மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தாள். சின்னக் குழந்தை வரப்பில் தூங்கியது. அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, காய்களைப் பறித்து முறத்தில் போட்டாள்.

"வேலை குடுக்கறது நெசமா?"

"எழுத்துல வாங்கித் தரேன். இந்தத் தடவை எழுத்துல வாங்கித் தரேன்."

"அப்ப சரி. புள்ளைங்க சாப்புடணும்."

அடுத்த திங்கட்கிழமை இருவரும் மணவாளநல்லூர் கோயிலில் நின்றார்கள். வேலில் கட்டியிருந்த பிராதை அவிழ்த்துப் படித்த கோயில் எழுத்தர், "ரெண்டு பேரு இருக்குதே. ரெண்டு பேரு மேலயும் வாபஸா?" என்று கேட்டார்.

"மொதலாளி மேல மட்டும்," என்றாள் திரௌபதி. "அவரு வேலை குடுக்கறாரு. இவரு பேரு இருக்கட்டும்."

எழுத்தர் தயங்கினார். "அப்படீன்னா புதுசா எழுதிக் கட்டணும்மா. யாரு எழுதறது?"

அவள் கோதண்டபாணியைப் பார்த்தாள். அவர் தாளை வாங்கிக் கல் தரையில் உட்கார்ந்து, மைல் கணக்கு முதல் எல்லாவற்றையும் மறுபடி எழுதினார். எதிரி என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர். படித்துக் காட்டினார். அவள் பெருவிரலில் மை தடவி அடியில் வைத்தாள்.

"கட்டுங்க," என்று எழுத்தரிடம் சொல்லிவிட்டு, குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். மறுநாள் எட்டு மணிக்கு அவள் வேலையில் சேர வேண்டும்.