ஏழாம் படியில் ஒரு கை

பேருந்தில் முப்பத்தொரு பேர். முப்பது பேர் புத்தரைப் பார்க்க வந்தவர்கள். தையல்காரி மட்டும் ஒரு செங்கல்லைப் பார்க்க வந்தவள். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று ஜன்னலோரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவள் புருஷன் சூளைக்காரர். இடிந்து கிடந்த அந்தப் பழைய புத்த விகாரையைச் சீர்செய்த மூன்று வருஷமும் செங்கல் அறுத்துச் சுட்டுக் கொடுத்தவர். அந்த வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. புதுக்கல் ஒவ்வொன்றிலும் வருஷ முத்திரை குத்த வேண்டும். இல்லாவிட்டால் பழசு எது, புதுசு எது என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியாது. முத்திரை இல்லாத புதுக்கல் கண்ணில் பட்டால் பெயர்த்து எறிந்துவிடுவார்கள். மனுஷர் சட்டத்துக்குப் பயந்தவர்தான். ஆனாலும் ஒரே ஒரு கல்லில், முத்திரைக்குப் பதிலாக, ஈர மண்ணில் தன் வலது கையைப் பதித்து, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையாக மற்ற கற்களோடு சூளைக்குள் தள்ளிவிட்டார்.

“தெற்குப் படிக்கட்டு, ஏழாம் படி, இடது ஓரம். யார்கிட்டயும் மூச்சு விடாதே. ஒருநாள் கூட்டிட்டுப் போய்க் காட்டறேன்” என்று அவளிடம் மட்டும் சொன்னார்.

அந்த ஒருநாள் வரவில்லை. நெஞ்சுவலி முந்திக்கொண்டது. அவர் போய் நாலு வருஷம் ஆகிறது. வீட்டில் மாட்டியிருக்கும் படத்தில் முகம் இருக்கிறது, கை இல்லை. அவளுக்கோ கைதான் வேண்டியிருந்தது. அவள் துணி வெட்டும்போதெல்லாம் மறுமுனையைச் சுருக்கமில்லாமல் இழுத்துப் பிடித்த கை அது. மோதிர விரல் பாதிதான். மீதியை மண் பிசையும் இயந்திரம் எடுத்துக்கொண்டது.

வழிகாட்டிக்கு முப்பது வயது இருக்கலாம். வாயுள்ள பிள்ளை. ஏறும்போதும் இறங்கும்போதும் தலைகளை எண்ணினான், இடையில் கதைகளை அள்ளிவிட்டான். முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற என்ஜினியர் ஒவ்வொரு கதைக்கும் “அதுக்கு என்ன ஆதாரம்?” என்று கேட்டு அவன் உயிரை வாங்கிக்கொண்டு வந்தார்.

விகாரைக்குள் நுழைந்ததும் கூட்டம் தானாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டது. தலையில்லாத புத்தர்கள் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். தூபியின் விரிசல்களில் புல் முளைத்திருந்தது. துறவிகள் தூங்கிய அறைகளின் சுவர்கள் இப்போது முழங்கால் உயரம்தான். ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கவே இடம் பற்றாது. தையல்காரியும் கையெடுத்துக் கும்பிட்டாள். ஆனால் மனம் தெற்குப் பக்கமே போய்க்கொண்டிருந்தது.

ஏழாம் படியின் இடது ஓரத்தில் யாரோ பூ வைத்திருந்தார்கள்.

“இங்கதான் எல்லாரும் கவனிக்கணும்” என்றான் வழிகாட்டி. “ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு துறவி பதிச்ச கை இது. மோதிர விரல் பாதிதான் இருக்கு, பாத்தீங்களா? மோதிரம் போட்ட விரலை வெட்டி வாசல்லயே போட்டுட்டு, பொண்டாட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காம வந்தவரு.”

ஒரு பெண்மணி கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

என்ஜினியர் குனிந்தார். “புதுக்கல்லா இருந்தா?”

“புதுசுன்னா முத்திரை இருக்கும் சார். இதுல இல்ல. நீங்க கேக்கற ஆதாரம் அதுதான்.”

அவர் முதல்முறையாகத் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். தையல்காரிக்கு உண்மை வாய் வரை வந்துவிட்டது. சொன்னால் அந்தக் கை தன் புருஷனுடையது என்று ஊருக்குத் தெரியும், கல் போய்விடும். சொல்லாவிட்டால் கல் இருக்கும், கைக்குச் சொந்தக்காரர் யாரோ ஒருவராகிவிடுவார். மென்று விழுங்கினாள்.

எல்லாரும் போனதும் மண்டியிட்டுத் தன் உள்ளங்கையை அதற்குள் வைத்தாள். நாலு விரலும் பள்ளத்தில் இறங்கின. மோதிர விரலின் நுனி மட்டும் மேட்டில் ஏறி நின்றது. கை கோத்து நடந்த காலத்திலும் அந்த விரலுக்கு மட்டும் துணை கிடைத்ததில்லை. அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

“அம்மா, எண்ணினா முப்பதுதான் வருது, அதான்…” என்று தேடி வந்த வழிகாட்டி பாதியில் நிறுத்தினான்.

“இது என் வீட்டுக்காரர் கை, தம்பி.”

எல்லாவற்றையும் சொன்னாள். கேட்கக் கேட்க அவன் முகம் சுண்டிப்போனது.

“ஒரு மழைநாள்ல யாரும் நான் சொல்றதைக் காதுல வாங்கல. அதனால இட்டுக் கட்டினேன்மா. அப்புறம் பூ வைக்க ஆரம்பிச்சுட்டாங்க, நிறுத்த முடியல.” தரையைப் பார்த்தபடியே சொன்னான். “முறைப்படி ஆபீஸ்ல சொல்லணும்.”

“சொன்னா பிடுங்கிருவாங்க.”

அவன் குனிந்து, கல்லின் மேல் கிடந்த பூவை ஓரமாக நகர்த்தி வைத்தான்.

“எத்தனை வருஷம் பழசுன்னு வேணாலும் சொல்லுங்க தம்பி, நான் கேக்க மாட்டேன். பொண்டாட்டியைத் திரும்பிப் பார்க்காதவர்னு மட்டும் சொல்லாதீங்க. பதினெட்டு வருஷம், தெருமுனைல நின்னு ஒருதரம் திரும்பிப் பார்த்துட்டுத்தான் வேலைக்குப் போவாரு.”

பேருந்தில் முப்பத்தொன்றையும் எண்ணி முடித்தபிறகு அவன் மைக்கை எடுத்தான்.

“ஒரு திருத்தம். அந்தக் கை துறவியோடது இல்ல. நான் சொன்னது தப்பு. அவர் செங்கல் அறுத்தவரு. விரல் வேலையில போனது. பொண்டாட்டியை விட்டுட்டு வந்தவர் இல்ல. தினமும் திரும்பிப் பார்த்துட்டு வந்தவரு.”

“அதுக்கு என்ன ஆதாரம்?” என்றார் என்ஜினியர்.

“அவர் வீட்டுல விசாரிச்சேன் சார்.”

பேருந்தே சிரித்தது. வண்டி கிளம்பி, வளைவில் திரும்பி, தூபி மறைகிறவரை தையல்காரி பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.