கோழி பொரித்த வாத்து

சாமுவேல் கட்டிலே கதியென்று கிடந்தான். அறுப்பு முடிந்த வயலில் அவன் மேய விட்ட வாத்துகள், பக்கத்து வரப்பில் எவனோ எலிக்கு வைத்த மருந்தைத் தின்று ஒரே மத்தியானத்தில் சுருண்டுவிட்டன. வைத்தவன் யாரென்று தெரியவில்லை. தெரிந்திருந்தால் மட்டும் என்ன, வாத்துக்காரன் பேச்சை யார் கேட்கப்போகிறார்கள்! அன்று வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவன்தான். சோறு வைத்தால் ரெண்டு வாய் தின்பான். பேச்சு மட்டும் கிடையாது.

அந்த வாத்துகள் அன்று காலை இட்ட முட்டைகள் கூடையில் மிஞ்சியிருந்தன. அவன் மனைவி செங்கேணிக்கு அவற்றை விற்க மனம் வரவில்லை. வாத்து ஜாதிக்கே முட்டை போடுவதோடு கடமை முடிந்தது, அடையில் உட்காரச் சொன்னால் ஏரிக்கு ஓடிவிடும். ஆகவே பக்கத்து வீட்டுக் கல்பனாவின் கோழியிடம் அடை வைத்தாள். எல்லாம் கூமுட்டை. ஒன்றே ஒன்று பொரிந்தது. அதுவும் காலிரண்டும் ஆளுக்கொரு பக்கம் போய், தலையைத் தூக்க மாட்டாமல் கிடந்தது.

"இது தேறாதுக்கா," என்றாள் கல்பனா. "தேறுனாலும் தண்ணில மட்டும் வுட்டுறாத. தாய் வாத்து கூட கீதுன்னா அது மேல கீற எண்ணெ குஞ்சு மேல ஒட்டும். கோழி பொரிச்சதுக்கு ஏது எண்ணெ? ஊறி வெறைச்சிப் பூடும்."

செங்கேணி அட்டைப்பெட்டியில் பழம்புடவையைப் போட்டு, மேலே குண்டு பல்பைத் தொங்கவிட்டாள். பஞ்சை வெல்லத் தண்ணீரில் நனைத்து அலகில் பிழிந்தாள். கரண்ட் போனால் குஞ்சை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். பிழைக்கும் என்று அவளுக்கே நம்பிக்கை இல்லை. ஆனாலும் இது எழுந்தால் அவனும் எழுவான் என்று மனசு அடித்துக்கொண்டது.

ஒரு சாயங்காலம் குஞ்சு கீச்சென்றது. சாமுவேல் திரும்பினான்.

"இன்னா அது?"

"உன் வாத்துதான்யா. நம்ம முட்டை."

அவன் விரலை நீட்டினான். குஞ்சு அலகை அதன்மேல் சாய்த்தது. செங்கேணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

தண்ணீர் விஷயத்தைச் சொல்லிவிடலாமா என்று ஒருகணம் நினைத்தாள். சின்ன வயதிலிருந்து வாத்து ஓட்டுகிறவனுக்குப் போய் வாத்தைப் பற்றிப் பாடம் எடுப்பதா? அதுவும் இன்றைக்கா? விட்டுவிட்டாள். இறக்கை முளைத்த குஞ்சாகப் பார்த்து வாங்கியே பழகியவன் அவன், முட்டையிலிருந்து அப்போதுதான் வந்த குஞ்சைக் கண்டதே இல்லை என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் நூறு நாள் வேலைக்குப் போய்த் திரும்பினால் கட்டில் காலி. 'ஏசப்பா, எழுந்துட்டான்!' சந்தோஷத்தில் மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

கொல்லையில் தண்ணீர் நிரப்பிய அலுமினிய அன்னக்கூடை முன்னால் சாமுவேல் குந்தியிருந்தான். உள்ளங்கையில் குஞ்சு, மயிரெல்லாம் தோலோடு ஒட்டிப்போய்.

"தண்ணியப் பாத்தா கால் தானா வந்துடும்னு வுட்டேன் மே. முங்குது. வாத்து எங்கனா முங்குமா?"

அவள் வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். சில்லென்று இருந்தது. வெகுநேரம் வைத்திருந்தும் சில்லென்றே இருந்தது.

"நான் எதுனா தப்பு பண்ட்டனா?"

"இல்லயா. அது பொறக்கசொல்லவே அப்டிதான்."

அவன் தலையாட்டினான். கொஞ்சம் ஆறுதல்பட்ட மாதிரிதான் இருந்தது. அந்நேரம் பார்த்துக் கல்பனா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"அய்யய்யோ, தண்ணில வுட்டுட்டீங்களா? படிச்சுப் படிச்சு சொன்னனேக்கா!"

சாமுவேல் செங்கேணியை நிமிர்ந்து பார்த்தான்.

"உனக்குத் தெரியுமா?"

அவள் ரவிக்கைக்குள் இருந்த குஞ்சைக் கையால் பொத்திக்கொண்டாள். அவன் திட்டியிருந்தால் தேவலை, ரெண்டு அடி போட்டிருந்தாலும் தேவலை. கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். கட்டில் கிறீச்சிட்டது. எந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருப்பான் என்று அவள் போய்ப் பார்க்கவில்லை.